சாட்சி நிற்கும் தூரம்

காலை ஆறரைக்கே வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். துஷ்யந்தி கதவைத் திறந்து, மேசையை இழுத்துப் போட்டு, பெரிய மரப்பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். ஒன்பது வருடமாக இதே வேலைதான். வருகிறவர்களின் பையைக் கொட்டிப் பார்ப்பது, எடுக்க வேண்டியதை எடுப்பது, அவர்கள் வாயால் வாங்கிக் கட்டிக்கொள்வது. சான் வேரோ தீவின் காப்பகத்துக்குள் போகிறவர்களுக்கு மலையேறத் தெரியும், கயாக் வலிக்கத் தெரியும், பாறையிலிருந்து கடலுக்குள் தலைகீழாகக் குதிக்கத் தெரியும். கைபேசியைக் கையிலிருந்து விடத்தான் தெரியாது.

வரிசையில் முதலாவதாக நின்றவர் சென்னையிலிருந்து வந்த பல் டாக்டர் நந்தகோபன். மேற்குச் செங்குத்துப் பாறையில் ஏறப் பதிந்திருந்தார்.

"மேடம், இது சும்மா வலி மாத்திரைங்க. ரெண்டே ரெண்டு" என்றார்.

"மாத்திரையும் உதவிதான். பெட்டிக்குள்ள போடுங்கோ."

"அப்போ ஷூ உதவி இல்லையா? கயிறு உதவி இல்லையா?"

"சப்பாத்துக்கும் கயித்துக்கும் விதியில இடமிருக்கு. மாத்திரைக்கு இல்லை. தர்க்கம் பண்ணப் போறியள் எண்டால் ஓரமா நிண்டு பண்ணுங்கோ, பின்னால சனம் நிக்குது."

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். அடுத்தடுத்து விசில், பிளாஸ்டர், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் பெட்டிக்குள் விழுந்தன. கடைசியாகத் துஷ்யந்தி வெள்ளைக் கல் வரிசையைக் காட்டி, தினமும் சொல்கிற பாடத்தைச் சொன்னாள்.

"இந்தக் கோட்டைத் தாண்டினால் நீங்கள் மனிசர் இல்லை, ஒரு உயிரி. விழுந்தால் ஒருத்தரும் தூக்க மாட்டினம். கூப்பிட்டால் ஒருத்தரும் வர மாட்டினம். நீங்களும் ஆரையும் தூக்கக் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது என்று எல்லோரும் சிரித்தபடி தலையாட்டினார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அதற்காகத்தானே அரை உலகம் சுற்றி வந்திருக்கிறார்கள்! அவர்களுடைய ஊர்களில் இப்போது மனிதன் விழவே முடியாது. தடுக்கினால் தரை மெத்தென்று ஏந்திக்கொள்ளும். நெஞ்சு ஒரு துடிப்புத் தவறினால் சட்டைப் பொத்தானே ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடும். அப்படிப் பஞ்சில் பொதிந்து வளர்ந்தவர்களுக்கு, நிஜமாகவே செத்துப்போகக்கூடிய ஒரு இடம் வேண்டியிருந்தது. கொழுப்பு, வேறென்ன.

அடுத்தடுத்து வந்த வெக்கைக்கும் காட்டுத்தீக்கும் பிறகு மத்தியதரைக் கடலின் உல்லாசத் தீவுகளை ஒவ்வொன்றாக இயற்கைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஹோட்டல்களை இடித்தார்கள். நீச்சல் குளங்களில் மண்ணைக் கொட்டினார்கள். மீளளிப்புச் சட்டம் என்று பெயர். அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு, கைவிடல் விதி. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வைக்காதே, கால் முறிந்த ஆட்டுக்குக் கட்டுப் போடாதே, மனிதனும் உள்ளே வந்தால் அதே கணக்குதான். யாராவது கை கொடுத்தால் கண்டுபிடிக்க, பாறையிலும் மரத்திலும் ஆயிரக்கணக்கான சென்சார்களைப் பதித்து, அவற்றையெல்லாம் ஒரே மூளையோடு கோத்திருந்தார்கள். அதற்குத் தீவுச்செவி என்று பெயர். எந்த மொழியில் பேசினாலும் அதற்குப் புரியும். அந்தந்த மொழியிலேயே பதிலும் சொல்லும்.

தீவின் கிழக்கு முனையில் மட்டும் ஒரு சின்னத் துறையை விட்டுவைத்திருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். முக்கால்வாசிப் பேர், கொள்ளுத்தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சிசிலியின் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த தமிழரின் வழிவந்தவர்கள். பலெர்மோவின் கோடையில் இப்போது மனிதர் வாழ முடியாது. குளிரூட்டிய வீட்டில் இந்தத் துறையில் இருக்கலாம், ஒரே நிபந்தனை: தீவின் வன்தரச் சான்று, அதாவது இங்கே மனிதக் கை படவில்லை என்ற சான்று, பறிபோகக் கூடாது. ஒரேயொரு உதவி பதிவானாலும் சான்று போய்விடும். பக்கத்துத் தீவில் ஒரு காவலாளி மூழ்கின பெண்ணைக் கூந்தலைப் பிடித்துக் கரைக்கு இழுத்தான். ஒரே மாதத்தில் அந்தத் துறை காலி. எல்லோரையும் பெருநிலத்து வெக்கை முகாமுக்கு ஏற்றி அனுப்பினார்கள். எத்தனை பேர் அந்தக் கோடையைத் தாண்டினார்கள் என்று சான் வேரோவில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

"அக்கா, சனத்தை வாசலிலயே கொண்டு போடாதை. பாறைக்கும் கொஞ்சம் மிச்சம் விடு" என்று கேட்டது ஒரு குரல். அவள் தம்பி கஜீபன். தோளில் கயிற்றுச் சுருளோடு வந்து நின்றான். பாறை ஏறுகிறவர்களுக்கு முன்னால் ஏறி வழிகாட்டுவது அவன் தொழில்.

"போடா கோதாரி. தண்ணி எடுத்தனியோ?"

"எடுத்தனான், எடுத்தனான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிண்டு நீ பண்ணுற உதவி தாங்கேலாமல் கிடக்கு."

சிரித்துக்கொண்டே கல் வரிசையைத் தாண்டிப் போனான்.

ஒன்பதே முக்காலுக்குத் தீவுச்செவி பேசியது. "காயமுற்ற உயிரி. மேற்குப் பாறை அடிவாரம். ஆண். எடை எழுபத்தொரு கிலோ. சாட்சி தேவை."

துஷ்யந்தி ஸ்கிரீனைப் பார்த்தாள். நீலச் சட்டை. நேற்று அவள்தான் அதைத் துவைத்துக் காயப்போட்டவள்.

சாட்சி என்பதும் அவள் வேலைதான். காப்பகத்துக்குள் ஒரு பெரிய உயிர் அடிபட்டுக் கிடந்தால், அன்றைய வாசல்காவலர் போய் இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். கிட்டப் போகக் கூடாது, தூரவும் போகக் கூடாது. அது சாகும்வரை, அல்லது தானாகவே கோட்டைத் தாண்டி வெளியேறும்வரை பார்த்திருந்து பதிவு செய்ய வேண்டும். ஆடுகளுக்கு நின்றிருக்கிறாள், ஒரு கடல்நாய்க்கு நின்றிருக்கிறாள், நான்கு மனிதருக்கும் நின்றிருக்கிறாள். நால்வரில் ஒருவரும் கோட்டைத் தாண்டவில்லை.

அவள் மணிக்கட்டில் சாட்சிப்பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் ஓடி வந்தார். முகம் பளபளத்தது.

"என் கண்ணு முன்னாடியே விழுந்தாரு மேடம்! கைப்பிடிச்ச கல்லு அப்படியே பேர்ந்து வந்துடுச்சு. கால் திரும்பிக்கிச்சு, தோள்பட்டை கழண்டுடுச்சு, நான் தொடவே இல்ல. ரூல்ஸ் ரூல்ஸ்தான? யப்பா, என்ன ஒரு எக்ஸ்பீரியன்ஸ்!"

"அது என்ர தம்பி."

டாக்டர் தரையைப் பார்த்தார். பிறகு, "என் மாத்திரை ரெண்டும் பெட்டியில இருக்கு, எடுத்துக்கலாமா?" என்றார். துஷ்யந்தி பெட்டியை அவர் காலடியில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடந்தாள்.

அதற்குள் துறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கஜீபனின் மனைவி யதுர்ஷா தலையைக்கூட முடியாமல் ஓடி வந்தாள். கையில் தண்ணீர்ப் போத்தல். கல் வரிசைக்கு ஓரடி இருக்கும்போது துஷ்யந்திதான் அவளைக் கட்டிப் பிடித்தாள்.

"விடுங்கோ மச்சாள்! தண்ணி மட்டும் குடுத்திட்டு வாறன்!"

"நீ தாண்டினால் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் வெக்கைக்குள்ள. விளங்குதோ உனக்கு?"

"உங்கட கூடப் பிறந்த தம்பி மச்சாள் அது! நெஞ்சில ஈரமில்லையோ உங்களுக்கு?"

"இல்லை. உள்ள போறவளுக்கு அது இருக்கக் கூடாது" என்றாள் துஷ்யந்தி.

பிள்ளையார் கோயில் தலைவர் கனகசூரியர் நாலு பெண்களைக் கூப்பிட்டு யதுர்ஷாவைப் பிடிக்கச் சொன்னார். யதுர்ஷா அவர்களில் ஒருத்தியின் கையைக் கடித்தாள். கனகசூரியர் துஷ்யந்தியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, வேறை ஆளை அனுப்புவம். உன்னால ஏலாது. பாசம் வந்தால் ஊரே போச்சு."

"வேறை ஆள் போனால் சும்மா நிண்டு பார்ப்பினம்."

"நீ போய் என்ன செய்யப் போறாய்?"

"நானும் சும்மா நிண்டுதான் பார்க்கப் போறன். விலகுங்கோ ஐயா."

சாட்சிப்பட்டை பொல்லாத சாமான். நாடி, மூச்சு, குரல் மூன்றையும் ஒன்றாகக் கேட்கும். சொல்லும் மனமும் ஒன்றாயிருந்து, அதில் உதவி எதுவும் இல்லையென்றால் பச்சை. சொல் ஒன்று மனம் ஒன்று என்றால் மஞ்சள். பரிவு கசிந்தாலும் மஞ்சள். கை கொடுத்தால் சிவப்பு. மூன்று மஞ்சள் ஒரு சிவப்புக்குச் சமம்.

கஜீபன் பாறையடியில் சாய்ந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே வலது கால் இருக்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கை தோளிலிருந்து தொங்கியது. வாசலுக்கு ஆயிரத்து இருநூறு மீட்டர். துஷ்யந்தி இருபது அடி தள்ளி நின்றாள்.

"தம்பி" என்றாள்.

பட்டை மஞ்சளானது. "சாட்சியாளரே, உங்கள் குரலில் பரிவு தென்படுகிறது. முதல் எச்சரிக்கை" என்றது தீவுச்செவி.

"வாயைத் திறக்காதை அக்கா" என்றான் கஜீபன். உதடு வெளுத்திருந்தது. "நான் யோசிச்சிட்டன். இப்பிடியே கிடக்கிறன். நாளைக்கு முடிஞ்சிடும். யதுவுக்குச் சொல்லு..."

"எழும்படா! ஒரு காலும் ஒரு கையும் இருக்கெல்லோ, இழுத்து இழுத்து வா!"

மறுபடி மஞ்சள். "ஊக்கமளித்தல். இரண்டாம் எச்சரிக்கை."

துஷ்யந்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னும் ஒன்று வந்தால் ஊர் போச்சு. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடு, "நீ அங்கால திரும்பி நில், பார்க்காதை" என்று அவளுக்காக இரக்கப்பட்டான். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கிறவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பெருந்தன்மை!

"உனக்கென்ன, படுத்திடுவாய்! கஷ்டமெண்டால் எப்பவும் படுக்கிறதுதானே உன்ர குணம்? அம்மா செத்த வீட்டிலயும் காய்ச்சலெண்டு போர்த்துக்கொண்டு கிடந்தவன்தானே நீ. எல்லாத்தையும் நான் ஒருத்தி ஓடி ஓடிச் செய்தனான்!"

பச்சை. நல்ல கடும் பச்சை.

"பகைமை. தலையீடு இல்லை" என்றது தீவுச்செவி.

துஷ்யந்தி பட்டையைப் பார்த்தாள். கஜீபன் கண்ணைத் திறந்தான்.

"அப்ப எனக்குப் பதினொரு வயசு" என்றான்.

"பதினொரு வயசில தின்னத் தெரிஞ்சுதே! என்ர பங்கையும் சேர்த்தெல்லோ திண்டனி. என்ர கலியாணத்தைக் குழப்பினது ஆர்? மாப்பிள்ளை வீட்டாரோட சண்டைக்குப் போனது ஆர்? நாற்பத்தொரு வயசில வாசல்காரியா நிக்கிறன், உன்னாலதான்!"

"அவன் ஒரு குடிகாரன். நல்லதுக்குத்தான் குழப்பினனான்."

"உன்னை ஆர் கேட்டது?"

"வாயை மூடு. வந்தனெண்டால் பல்லைக் கழட்டுவன்."

"வாவன். வந்து கழட்டு."

அவன் வந்தான். நல்ல கையை முன்னால் ஊன்றி, நல்ல காலால் உந்தி, முறிந்த காலை இழுத்துக்கொண்டு ஒரு முழம் வந்தான். கத்தினான். இன்னொரு முழம் வந்தான். இருபது அடி குறைந்துவிடக் கூடாதே! விதி. துஷ்யந்தி பின்னால் ஒரு எட்டு வைத்தாள், வாசல் இருக்கும் திசையில்.

அன்றைக்கு முழுக்க அப்படித்தான் போனது. அவள் பழையதையெல்லாம் கிளறிக் கிளறி ஏசினாள். அவனும் ஏசினான். விசரி, மூதேவி, ஊர் தின்னி என்று பிறந்தது முதல் கேட்ட வசையெல்லாம் வந்தது. அந்த ஏச்சைக் கேட்டால் துறைச் சந்தையில் மீன்காரிகளே காதைப் பொத்தியிருப்பார்கள். போலிக் கோபத்துக்குப் பட்டை ஏமாறாது என்பதால், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் நிஜமான ஒரு காயத்தைத் தேடிப் பிடித்து அமுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. நடுவில் தீவுச்செவி, "சாட்சியாளரே, நீங்கள் நீர் அருந்தவில்லை. பட்டினி கிடப்பது பரிவாகக் கொள்ளப்படும்" என்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்க அவள் தண்ணீர் குடித்தாள். அவன் சப்பாத்திக்கள்ளிப் பழமொன்றைக் கல்லால் நசுக்கி முள்ளோடு வாயில் போட்டுக்கொண்டான். தானாகத் தின்பதில் தவறில்லை.

இருட்டும்போது அறுநூறு மீட்டர் வந்திருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் சரக்குத் தீர ஆரம்பித்தது. ஒரு மனுசி எவ்வளவு காலத்துக்குத்தான் தம்பியை ஏச முடியும்? கலியாணக் கதையை இரண்டாம் தடவை எடுத்தபோது பட்டையின் பச்சை வெளிறியது. அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கஜீபனும் மெலிந்துகொண்டே வந்தான். ஒன்பது மணிக்கு, வாசலுக்கு ஐந்நூறு மீட்டர் இருக்கும்போது, ரோஸ்மேரிப் பற்றைக்குப் பக்கத்தில் முகம் குப்புறப் படுத்துவிட்டான். மேலே பாறுக் கழுகுகள் இரண்டு வட்டமிட்டன. மூன்றாவதும் வந்து சேர்ந்தது.

"காணும் அக்கா" என்றான் மண்ணுக்குள். "நீ என்னத்துக்கு ஏசுறாய் எண்டு எனக்கு விளங்கீட்டுது. அதுக்குப் பிறகு கோவமே வரேல்லை. நீ எனக்கு நல்ல அக்கா."

பட்டை மஞ்சளுக்குத் துடித்தது. ஊர் போகப் போகிறது, தம்பியும் போகப் போகிறான். அவளிடம் இன்னும் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது. அவனிடம் ஒருநாளும் சொல்லக் கூடாது என்று சாமி சத்தியமாக வைத்திருந்தது.

"அப்பா நித்திரையில சாகேல்லை" என்றாள்.

கஜீபன் அசையவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன், பெருவெக்கை அடித்த ஆண்டில், பிள்ளைகள் இருவரும் துறைக்கு வந்துவிட, அப்பா பலெர்மோவில் தனியாக இருந்தார். போய் அவரைக் கூட்டி வருவதற்குக் குடும்பத்தில் ஒருவருக்குப் படகில் இருக்கை கிடைத்தது, கஜீபனின் பெயரில். அவன் அந்த வாரம் சார்தீனியாவில் பாறையேற்றப் போட்டிக்குப் போய்விட்டான். அடுத்த படகில் கூட்டி வரலாம் என்று நினைத்தான். வெற்றிப் பதக்கத்தோடு திரும்பியபோது, அப்பா வெக்கை தொடங்கிய அன்றே படுக்கையில் போய்விட்டார், நீ போயிருந்தாலும் கண்டிருக்க மாட்டாய் என்று அக்கா சொன்னாள். அதைத்தான் அவன் இதுவரை நம்பியிருந்தான்.

"அவர் பையைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தவரடா. டிக்கெட் கொட்டிலுக்குக் கீழ மூண்டு நாள் குந்திக்கொண்டு இருந்தவர். வீட்டை போங்கோ எண்டு பொலிஸ்காரன் சொன்னவனாம், இவர் போகேல்லை. தம்பி வாறனெண்டவன், வந்து பார்த்துக் காணாமல் தேடுவான் எண்டவராம். எனக்கு மெசேஜ் போட்டவர். தம்பி இன்னும் வரேல்லை, வழியில நிக்கிறான் போல, அவனை ஏசாதை எண்டு. கொட்டிலுக்குள்ள இருந்துதான் தூக்கினவங்கள். அந்தக் கோலத்தை நான் பார்த்தனான். நீ பதக்கத்தைக் கழுத்தில போட்டுக்கொண்டு படகால இறங்கினாய். அந்தப் பதக்கத்தாலயே உன்ர கழுத்தை நெரிக்க வேணும் போல இருந்தது எனக்கு!"

பட்டை பச்சையாய் எரிந்தது. "பகைமை. உண்மைத்தன்மை முழுமை" என்றது தீவுச்செவி.

கஜீபன் தலையைத் தூக்கினான். அவன் பார்த்தது அவள் முகத்தை இல்லை, அவள் மணிக்கட்டை. பச்சையைப் பார்த்தான். பிறகு நாய் ஊளையிடுவதைப் போல ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது.

"நீ ஏன் போகேல்லை?" என்று கத்தினான். "நீ ஏன் போய்க் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

"இருக்கை உன்ர பேரிலயெல்லோ இருந்தது!"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்! ஒன்பது வருஷம்! என்ர வீட்டில இருந்து, என்ர சோத்தைத் திண்டுகொண்டு! கொல்லுறன் உன்னை. நில்லடி!"

அவன் வந்த வரத்து அவளுக்கே பயமாக இருந்தது. முழம் முழமாக வந்தவன் இப்போது முறிந்த காலைக் கவனிக்கவே இல்லை. முழங்கையில் தோல் போய் வெள்ளை தெரிந்தது. கழுகுகள் விலகிப் பறந்தன. அவள் பின்னுக்கு எட்டு வைத்துக்கொண்டே இருந்தாள். அவன் கண் அவளை விட்டு அகலவில்லை. மூன்று இடத்தில் மயங்கினான், மூன்று தடவையும் அவளைத் திட்டிக்கொண்டே விழித்தான்.

மாலை ஐந்து மணிக்குக் கல் வரிசை தெரிந்தது. அதன் பின்னால் ஊரே நின்றது. சத்தமில்லை. யதுர்ஷாவின் இடுப்பை ஒருத்தி பிடித்திருந்தாள். துஷ்யந்தி கல்லைத் தாண்டி வெளியே வந்து நின்றாள். கஜீபன் கையை நீட்டினான், உந்தினான், நெஞ்சு வெள்ளைக் கற்களின்மேல் ஏறியது. கடைசியாக முறிந்த காலும் வெளியே வந்தது.

அதன்பிறகு வந்த இரைச்சலைக் கேட்க வேண்டும்! தண்ணீரோடு இருபது கை நீண்டது. யதுர்ஷா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கனகசூரியர் அழுதார். ஆனால் கஜீபன் எல்லாக் கையையும் விலக்கிவிட்டு, அக்காவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு தூரம் துரத்தி வந்து பிடித்தது.

வாசல் தூணிலிருந்து தீவுச்செவி பேசியது. "பதிவு இன்னும் மூடப்படவில்லை. சாட்சியாளரின் பட்டை இயங்குகிறது. எச்சரிக்கைகள் இரண்டு."

கூட்டம் கப்பென்று அடங்கியது.

"அப்பான்ர கதை நடந்ததோ?" என்றான் கஜீபன்.

"நடந்தது."

பச்சை.

"அதை விடு. இதைச் சொல்லு." அவன் மூச்சு வாங்கினான். "எனக்குச் சோறு போட்டனி. என்ர கலியாணத்தில தோழியா நிண்டனி. முந்தநாள்கூட என்ர சட்டையைத் தோய்ச்சனி. அவ்வளவு காலமும் என்னை வெறுத்துக்கொண்டோ இருந்தனி? இல்லாட்டி இந்த ரெண்டு நாளும் என்னை இழுக்கிறதுக்காகச் செய்த வேலையோ?"

துஷ்யந்தி அவனைப் பார்த்தாள். இல்லையடா என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. வெறுத்திருந்தால் அன்றே உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க மாட்டேனா? நீ தாங்க மாட்டாய் என்றுதானே ஒன்பது வருடம் என் நெஞ்சுக்குள்ளேயே புதைத்து வைத்தேன்? ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும்? ஏசினதெல்லாம் அவனை இழுக்கப் போட்ட கயிறு என்றாகிவிடும். அது உதவி. சிவப்பு. வெறுத்தேன் என்று பொய் சொன்னால் மஞ்சள், மூன்றாவது மஞ்சள். இரண்டிலும் ஊர் போய்விடும். வாயே திறக்காமல் நிற்கவும் முடியாது, பதில் வராமல் பதிவு மூடப்படாது. கனகசூரியரின் விரல்கள் அவள் தோளில் பதிந்தன. யாரோ ஒருத்தி கைக்குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

பொய்யைத்தான் அவள் தேர்ந்தெடுத்தாள். மஞ்சளாவது கொஞ்சம் தாமதமாகக் காட்டாதா என்று ஒரு நப்பாசை.

"ஓம்" என்றாள். "ஒவ்வொரு நாளும்."

எல்லோரும் அவள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

பச்சை.

கடும் பச்சை. ஒரு துடிப்புக்கூட இல்லை.

"உண்மைத்தன்மை முழுமை. தலையீடு இல்லை. பதிவு முடிந்தது" என்றது தீவுச்செவி.

ஊர் ஆர்ப்பரித்தது. கிழவர்கள்கூடத் துள்ளினார்கள். கனகசூரியர் அவளைக் கும்பிட்டு, "எங்களைக் காப்பாத்தினாய் பிள்ளை, நீ பெத்த தாய்" என்றார். துஷ்யந்தி காதில் எதுவும் விழவில்லை. தவறு, இந்த மெஷினுக்கு ஏதோ கோளாறு, வெயிலில் கெட்டுவிட்டது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். ஒன்பது வருடத்தில் அது ஒருநாளும் தவறியதில்லை. கஜீபனின் விரல்கள் கணுக்காலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன.

"யது, என்னை வீட்டை கொண்டுபோ" என்றான்.

நான்கு மாதத்தில் அவன் எழுந்து நடந்தான். கொஞ்சம் நொண்டுவான், அவ்வளவுதான். அந்த வருடம் தீவுக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. தானாகத் தவழ்ந்து வெளியேறிய மனிதனைப் பார்க்க வேண்டும் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். கஜீபன் அவர்களோடும் பேசினான். துறையில் சின்னக் குழந்தையிலிருந்து எல்லோரோடும் பேசினான். பிள்ளையார் கோயில் அன்னதானத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறுவான், அக்காவின் இலை வரும்போது நின்று, அவளைத் தாண்டிப் போய் அடுத்த இலைக்கு ஊற்றுவான். அவள் இலைக்கு யதுர்ஷா வந்து பரிமாறுவாள்.

துஷ்யந்தி இப்போதும் வாசலில்தான் இருக்கிறாள். சில காலைகளில், வரிசை சேர்வதற்கு முன்னால், சாட்சிப்பட்டையை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வாள். கதவைச் சாத்திவிட்டு, "நான் அவனை வெறுக்கேல்லை" என்று தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள். சொல்லும்போது கண்ணை இறுக மூடியிருப்பாள். மூடிய கண்ணோடேயே பட்டையைத் தடவிக் கழற்றி, இழுப்பறைக்குள் போட்டுச் சாத்திய பிறகுதான் கண்ணைத் திறப்பாள்.